மறுப்பு அண்ணாச்சியின் மாலைச் செய்திகள்

உலகத்திலேயே செய்தியைவிட மறுப்பை அதிகமாக வெளியிடும் ஒரே செய்தி நிறுவனம் எங்கள் பேட்டையில்தான் இருக்கிறது. ஆசிரியர், நிருபர், வாசிப்பாளர், ஓட்டுநர் எல்லாம் ஒரே ஆள். அலுவலகம், ஒரு பழைய மொபெட். அதன் முன்னால், பழைய இரும்பு வாங்குகிறவர்கள் கட்டியிருப்பார்களே, அந்த மாதிரி ஒரு ஒலிபெருக்கி.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஏதாவது இருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் மறுப்பு அண்ணாச்சி. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வீட்டில் சும்மா இருந்தால் தேங்காய் துருவச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் பத்திரிகைத் துறைக்கு வந்தவர் என்பது என் கணிப்பு. சாயங்காலம் ஆனால் தெருத் தெருவாக வண்டியை நிறுத்திச் செய்தி வாசிப்பார். எங்கே குழாய் உடைந்தது, பாபநாசம் அணையில் தண்ணீர் எவ்வளவு, யார் வீட்டு ஆட்டைக் காணவில்லை, எல்லாம் வரும். மறுநாள் அதே இடத்தில் நின்று, சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குவார்.

"எதுக்கு அண்ணாச்சி இந்தப் பாடு? நாங்க மறந்துட்டோமே" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். பிடித்துக்கொண்டார்.

"பேப்பர்ல மொதப் பக்கத்துல கொட்டை எழுத்துல ஒருத்தன் மானத்த வாங்குதான். மறுப்ப மட்டும் உள்பக்கத்துல, துணிக்கடை விளம்பரத்துக்கு அடியில ஒளிச்சு வைக்கான். இது என்னவே நியாயம்? எந்தத் தெருவுல தப்பாச் சொன்னனோ, அதே தெருவுல, அதே சத்தத்துல மறுக்கணும்!"

சத்தத்தைப் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஒருநாள் மின்தடை என்று அறிவித்தார். தெருவே அடித்துப் பிடித்து மாவு அரைத்தது. மறுநாள் முழுக்க மின்சாரம் போகவில்லை. சாயங்காலம் வந்து, "மின்சாரம் போகும் என்று சொன்னோம், போகவில்லை, வருந்துகிறோம்" என்று வாசித்து முடிக்கவும் தெரு இருண்டது. மனிதர் அசரவில்லை. வண்டியைத் திருப்பி, மறுப்புக்கு ஒரு மறுப்பு வாசித்துவிட்டுத்தான் போனார்.

இன்னொரு தடவை, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் தேவசகாயம் சாருக்குக் கால் உடைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். உண்மையில் சுளுக்கு. அதற்குள் ஊரே பழமும் பிஸ்கட்டுமாக சார் வீட்டில் வரிசை கட்டிவிட்டது. மறுப்பு வாசித்த அன்று சார் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "ஏன்வே அவசரப்பட்டீரு? இப்பதான் ஆப்பிள் வர ஆரம்பிச்சுது!"

இப்படிப்பட்டவர் போன வருஷம் ஒரு செய்தி வாசித்தார். முலாம் பூசும் பட்டறை ஒன்றின் கழிவு வாய்க்காலில் கலக்கிறது. தண்ணீர் பச்சையாக ஓடுகிறது. அந்த வாய்க்காலில்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் துணி துவைக்கிறார்கள், பிள்ளைகள் குதிக்கின்றன. மறுநாள் காலையிலேயே பட்டறை முதலாளி காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டார். நானும் அண்ணாச்சிக்குத் துணையாகப் போனேன்.

"மறுப்பு சொல்லது இவருக்கு என்ன புதுசா சார்? ஆட்டுக்குட்டிக்கெல்லாம் சொன்னவருதானே. எனக்கும் ஒண்ணு சொல்லச் சொல்லுங்க, போயிருதேன்" என்றார் முதலாளி.

சப்-இன்ஸ்பெக்டர் தன்மையான மனிதர். "அண்ணாச்சி, செய்தி யாரும் சொல்லலாம். பொறுப்பாச் சொல்லணும்லா? தப்புன்னா மறுப்பச் சொல்லிட்டு, பிரச்சினைய முடிங்க. இல்லன்னு இழுத்தீங்கன்னா, உங்க ஒலிபெருக்கிக்கு அனுமதி இருக்கான்னு நான் கேக்க வேண்டி வரும். அனுமதி வாங்குத வரைக்கும் அது இங்கனதான் இருக்கும்."

அண்ணாச்சியின் முகம் சுண்டிப் போனது. ஒலிபெருக்கி போனால் அவர் வெறும் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, தேங்காய் துருவவேண்டியதுதான். "ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்துருதேன் சார். மறுக்கதுன்னாலும் தெரிஞ்சு மறுக்கணும்லா" என்று கிளம்பிவிட்டார்.

முழங்கால்வரை நனைந்த வேட்டியோடு திரும்பி வந்தார்.

"தப்பு நடந்து போச்சு சார்."

முதலாளி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இந்த ஆளுக்கா துணைக்கு வந்தோம் என்று நினைத்தேன்.

"தண்ணி பச்சைன்னு சொல்லிட்டேன். கண் ஆபரேஷனுக்குப் பெறகு மஞ்சக் கண்ணாடி குடுத்திருக்காவ, அத மாட்டிக்கிட்டுப் பாத்துட்டேன். கழத்திட்டுப் பாத்தா நீலம். பட்டறைக் குழாய் வாயில இருந்தே நீலமாத்தான் வருது. இன்னைக்கே மறுப்பு வாசிச்சிருதேன்."

"இதாவே மறுப்பு?" என்று முதலாளி எழுந்துவிட்டார்.

"சொன்னதுல எது தப்போ, அதத்தானவே மறுக்க முடியும்? மிச்சம் உண்மைலா!"

சப்-இன்ஸ்பெக்டர் சுவர்ப் பக்கம் திரும்பி வெகுநேரம் இருமினார். ஆனாலும் சட்டம் சட்டம்தான். ஒலிபெருக்கி அங்கேயே தங்கிவிட்டது. அண்ணாச்சி அதை ஒருமுறை துண்டால் துடைத்துவிட்டு வந்தார். அவரைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அன்று சாயங்காலமும் மொபெட் வந்தது. ஒவ்வொரு தெருவிலும் நின்று வெறும் தொண்டையால் வாசித்துக்கொண்டே வந்தார். எங்கள் தெரு கடைசி. நான் முன்னாடியே வந்து நடந்ததைச் சொல்லியிருந்ததால் எல்லாரும் வாசலில் காத்திருந்தார்கள். டிவியில் மருமகள் மாமியாரை எதிர்த்து வாய் திறக்கிற நேரம். என் மனைவி அதை அணைத்துவிட்டு வந்து நின்றாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"வாய்க்கால் தண்ணீர் பச்சை என்று நேற்று வாசித்தது தவறு. வருந்துகிறோம். அதன் நிறம்..."

குரல் வரவில்லை. செருமினார். மறுபடி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"நீலம்!" என்றோம் தெருவில் நின்ற எல்லோரும்.

அண்ணாச்சிக்கு வந்ததே கோபம். "செய்திய நீங்க சொல்லப்பிடாது!" என்றார், பாதி சைகையும் பாதி மூச்சுமாக. "நாளைக்குத் தப்புன்னு ஆச்சுன்னா யாருவே பொறுப்பு?"

"நாங்கதான் பொறுப்பு" என்று என் மனைவி சுக்கு வெந்நீரை நீட்டினாள். "பைய இதக் குடிங்க அண்ணாச்சி. மிச்சச் செய்தியக் கேக்கணும்லா."

அவர் ஊதி ஊதிக் குடித்து முடிக்கும்வரை ஒருத்தரும் வீட்டுக்குள் போகவில்லை.