வார்த்தை இல்லாத மனு

தென்காசியில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். இங்கிலீஷ்காரனுக்கே தெரியாத இங்கிலீஷ் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் என்னவோ, ஊருக்கு அவர் ‘அர்த்தம் அண்ணாச்சி’. யாரைப் பார்த்தாலும் வணக்கத்துக்குப் பதிலாக ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு, “அர்த்தம் தெரியுமா?” என்பார். தெரியாது என்றால் விளக்கம். தெரியும் என்றால் இன்னும் மோசம். அந்த வார்த்தை எந்த ஊரில் பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது என்று குறுக்கு விசாரணை தொடங்கிவிடும். அவர் தூரத்தில் வருவதைக் கண்டதும் டீக்கடை பெஞ்சில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் அவசர வேலை வந்துவிடும்.

தொழில், மனு எழுதுவது. நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, ‘வேலை உண்டு, தேதி பிறகு சொல்கிறோம்’ என்று சொன்ன கம்பெனியை நம்பி, மனு வாங்கும் பெரிய அரசு ஆபீஸுக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதுதான் அண்ணாச்சியின் ஆபீஸ். அவர் சொல்லச் சொல்ல நான் அடிக்க வேண்டும்.

அவர் மனு முழுக்கத் தமிழில் இருக்கும். நடுவில் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அதுவும் எவனும் கேள்விப்படாத வார்த்தை.

“எதுக்கு அண்ணாச்சி இது?” என்று முதல் நாளே கேட்டேன்.

“ஏட்டி, திங்கக்கிழமை அந்த ஆபீஸுக்குள்ள எத்தன மனு போகுது பாத்தியா? எல்லாத்துலயும் ‘கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு’. படிக்கவன் கண்ணு வழுக்கிக்கிட்டே போயிரும். நடுவுல ஒரு கல்லக் கிடத்தணும். தட்டுனாத்தான் நிப்பான். நின்னாத்தான் கூப்பிட்டு என்னன்னு கேப்பான்.”

கல் வேலை செய்தது. செங்கோட்டை ஆச்சி ஒருத்திக்கு முதியோர் பணம் நின்றுபோனது. ‘அன்று முதல் எனக்குப் பார்பரிக்மஸ்’ என்று எழுதிக் கொடுத்தார் அண்ணாச்சி. கால் மணி நேரத்தில் பியூன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

“வே, அந்த ஆச்சிக்கு வந்திருக்கது ஒட்டுவாரொட்டியா? உள்ள எல்லாரும் ஜன்னலத் தொறந்து வச்சிருக்காவ!”

“பசிச்சா வயிறு பர்பர்னு உருளும்லா வே, அந்தச் சத்தம்தான் பார்பரிக்மஸ். கிரேக்கக்காரன் சத்தத்தையே பேரா வச்சிட்டான்” என்றார் அண்ணாச்சி.

பியூன் போய்ச் சொல்ல, உள்ளே சிரிப்பு. சிரித்தவர்கள் ஆச்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அடுத்த மாதம் பணம் வந்தது.

அப்புறம் ஒரு பாவூர்சத்திரம் கத்தரிக்காய் விவசாயி. பட்டாவுக்காக இந்த ஆபீஸிலிருந்து அந்த ஆபீஸ், அந்த ஆபீஸிலிருந்து இந்த ஆபீஸ் என்று நடந்தே செருப்பு தேய்ந்தவர். அவருக்குப் ‘பூஸ்ட்ரஃபீடன்’.

“உழவு மாடு ஒரு சால் போயி, திரும்பி மறு சால் வரும்லா? பழைய கிரேக்கன் அப்படித்தான் எழுதுவான். ஒரு வரி இடமிருந்து வலம், அடுத்த வரி வலமிருந்து இடம். மாடு திரும்புத மாதிரி எழுத்து. உம்மயும் அப்படித்தான வே திருப்புதான்?”

விவசாயி யோசித்துவிட்டுச் சொன்னார்: “மாட்டையாவது பொழுது சாஞ்சா அவுத்து விட்டுருவாவ அண்ணாச்சி.”

இப்படிப் போய்க்கொண்டிருந்த ராஜ்ஜியத்துக்கு ஒரு சோதனை வந்தது. மனுப் பிரிவுக்கு வெளியூரிலிருந்து புது அதிகாரி மேடம் வந்தார்கள். யாரையும் கூப்பிடவில்லை. போனில் தட்டிப் பார்த்து அர்த்தம் தெரிந்துகொண்டு ஃபைலை அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட்டார்கள். அண்ணாச்சி இடிந்துபோனார். “போனு சொல்லுதாம்ட்டி! வார்த்தைக்கு அப்பன் ஆத்தா யாருன்னு அது சொல்லுமா?”

“அதையும் சொல்லும் அண்ணாச்சி.”

அண்ணாச்சி நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வீம்பில் அவர் செய்தது பெரிய வினையாகிவிட்டது. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் ஒருவருக்கு, ‘நான் ஒரு பரிதாபமான பில்கார்லிக்’ என்று எழுதிவிட்டார். மேடம் அன்று லீவு. மேடத்துக்குக் கீழே இருக்கும் சூப்பிரண்டு போனில் தட்டிப் பார்த்தார். ‘உரித்த பூண்டு, உரித்த பூண்டு போன்ற வழுக்கைத் தலை’ என்று வந்தது. அதற்குக் கீழே ‘ஆகவே, பாவப்பட்ட ஆள்’ என்று இருந்ததை அவர் படிக்கவில்லை. சூப்பிரண்டின் தலையில் ஆறு முடி. அந்த மனு எந்த அலமாரிக்கு அடியில் போனதோ, மூட்டைக்காரர் மறுபடி புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த நேரத்தில்தான் என் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். குற்றாலம் மெயின் அருவிக்குப் பக்கத்தில் முப்பது வருஷமாக எண்ணெய் தேய்த்துவிடுபவர். அவரிடம் முதுகைக் கொடுத்தவர்கள் எழுந்திருக்கும்போது ஒரு அங்குலம் வளர்ந்திருப்பார்கள். ஆனால் அத்தனை வருஷ அருவி இரைச்சலில் காது போய்விட்டது. போன சீசனில் வெள்ளம் வந்து, விசில் ஊதி, எல்லாரும் ஓடிய பிறகும் மாமா மட்டும் ஒரு மதுரைக்காரரின் தோளை அமுக்கிக்கொண்டிருந்தார். மதுரைக்காரர்தான் மாமாவை இழுத்துக்கொண்டு ஓடினார். ‘காது மிஷினோட வந்தா வாரும், இல்லன்னா இங்கன வராதேயும்’ என்று அருவிக்கரைப் போலீஸ்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சாரல் விழுந்து சீசன் தொடங்க இன்னும் ஒரு மாதம்தான். இலவச மிஷின் கேட்டு இரண்டு மனு போட்டும் பதில் இல்லை.

கதையைக் கேட்ட அண்ணாச்சியின் முகம் இரக்கத்தில் சுருங்கும் என்று பார்த்தேன். அது குண்டு பல்பு மாதிரி எரிந்தது.

“ஏட்டி... கேட்டடூப்! நைல் நதியில பெரிய அருவி. கீழ விழுந்து இடிக்குத சத்தத்த வச்சே அதுக்குப் பேரு. அந்தச் சத்தத்துலயே குடியிருந்து காது போன சனத்துக்கும் அதான் பேரு. குத்தாலத்துக்குன்னே செஞ்ச வார்த்தட்டி! பத்தொம்பது வருசமா வச்சிருக்கேன், இதுக்குன்னு ஒரு ஆளு வரமாட்டானான்னு.”

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

“அண்ணாச்சி, உங்க கால்ல விழுதேன். இது எங்க மாமா பொழப்பு. அங்கன பூண்டுக்காரர் வேற உக்காந்திருக்காரு. இந்த ஒரு மனுவுல மட்டும் வார்த்த வேண்டாம்.”

“வார்த்த இல்லாத மனுவா? சாரல் இல்லாத சீசன்ட்டி அது!”

மாமா எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, எதுவும் புரியாமல், புரிந்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சவத்த, வார்த்த இல்லாமலே அடி” என்றார்.

பதினோரு வரி. ‘விசில் ஊதினால் எனக்குக் கேட்க வேண்டும். கேட்டால்தான் நான் வேலைக்குப் போக முடியும்.’ அவ்வளவு எளிமையாக அவர் எழுதி நான் பார்த்ததே இல்லை. வழக்கமாக வார்த்தை வருகிற இடத்தில் ஒரு கணம் நின்றார். மருந்து விழுங்குகிற மாதிரி விழுங்கிவிட்டு, “இப்படிக்கு” என்றார்.

மூன்றாம் நாள் பியூன் வந்தார். “மனு எழுதுன ஆளையும் காது கேக்காத ஆளையும் மேடம் உடனே கூட்டிட்டு வரச் சொல்லுதாவ.” மாமாவுக்கு ஒத்தாசையாக நானும் போனேன்.

மேஜை மேல் மாமாவின் மனு. பக்கத்தில் போன். அதற்குப் பக்கத்தில் ஒரு நோட்டு.

“இதுல வார்த்தை எங்க?” என்றார் மேடம்.

அண்ணாச்சி விழித்தார். “எந்த வார்த்தம்மா?”

“வாராவாரம் ஒண்ணு வருமே. எல்லாத்தையும் இந்த நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். எங்க வீட்டுல ராத்திரி சாப்பாட்டுக்கு இதுதான் பேச்சு. இந்த மனுவுல எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு நாலு தடவை படிச்சேன். காணோம்.”

“போடலம்மா. இந்தப் பிள்ளைக்க மாமா பொழப்பு. அதுல வெளையாடக் கூடாதுன்னு...”

ஆபீஸில் மற்ற எந்த மனுவையும் யாரும் நாலு தடவை படித்திருக்க வாய்ப்பில்லை. மேடம் ஐந்தாவது முறையாக அதை எடுத்துப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு சூப்பிரண்டைக் கூப்பிட்டார். வியாழக்கிழமை காது பரிசோதனை முகாமில் முதல் பெயர் மாமாவுடையது. சூப்பிரண்டு தலையைத் தடவிக்கொண்டே முத்திரை குத்தினார்.

கிளம்பும்போது மேடம் கேட்டார்: “சரி, போட நினைச்ச வார்த்தையையாவது சொல்லிட்டுப் போங்க.”

வார்த்தை கேட்டு ஒரு மனுஷர் தானாக வாயைத் திறந்தது அண்ணாச்சியின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நான் அவர் வாயையே பார்த்தேன்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. அது இவருக்க வார்த்த. மொதல்ல இவருக்குக் கேக்கட்டும்.”

சாரல் விழுவதற்கு நாலு நாள் முன்னால் மிஷின் கிடைத்தது. மாமா நேரே எங்கள் கடைக்குத்தான் வந்தார். அண்ணாச்சி நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, நைல் நதியிலிருந்து தொடங்கினார். பக்கத்துக் கடைக்காரர்கள் வழக்கம்போல ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். மாமா காதுக்குப் பின்னால் மெதுவாக விரலைக் கொண்டுபோனார். மிஷினை அணைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டார்.