தட்டைக் கோரை கண்டுபிடித்த அப்பாவு கிராணி

கண்டுபிடிப்பாளர் என்று ஓர் இனம் உண்டு. காட்டில் போய்த் தேட வேண்டாம். உங்கள் பக்கத்திலேயே வெற்றிலை மென்றுகொண்டிருக்கும். ஊரே நடந்து தேய்த்த குறுக்குப் பாதையில் ஒரு நாள் நடந்துவிட்டு, "நான் கண்டுபிடிச்ச வழி" என்னும். ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் பத்து வருஷமாகத் தோசை சுடுகிறவளிடம் ஒரு தோசை தின்றுவிட்டு, "நான் கண்டுபிடிச்ச கடை" என்னும். அப்படியானால் நேற்று வரை நாமெல்லாம் குருடர்களா? கேட்டுப் பாருங்கள். இளிப்புத்தான் வரும்.

மலாயாவில், ஈப்போவை அடுத்த லகாட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களின் பேர் கூப்பிட்டுக் கணக்கு எழுதும் அப்பாவு கிராணி இந்த இனத்தில் முதல் தரம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் அந்த வழியாகப் போன ஒரு வெள்ளைக்காரர், செடி கொடி ஆராய்கிறவர், "புதுச் செடி கிடைத்தால் அனுப்பு, கண்டெடுத்தவன் பேரையே வைப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். போச்சு. அன்றிலிருந்து கிராணிக்குச் சோறு இறங்கவில்லை. தன் பேர் புத்தகத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பிறந்ததே வீண்.

ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டையில், இடுப்பளவு தண்ணீரில் நின்று, பாய் முடைந்து விற்கும் செல்லாயி கோரை அறுத்துக்கொண்டிருந்தாள். கிராணி கரையில் வந்து நின்றார்.

"ஏ செல்லாயி, தொடாதே! அது புதுச் செடி. நான் கண்டுபிடிச்சிருக்கேன்."

"புதுசாங்கய்யா? போன வருசம் ஒங்க வீட்டுக்குக் குடுத்த பாயி இதுல மொடைஞ்சதுதாங்க. மேலேயே படுத்துக் கெடக்கீங்களே!"

"படுத்தவன் பாயைப் பார்ப்பானா? வாயை மூடு."

செடியைத் தாளில் வைத்து, பலகை ஏற்றி, பத்து நாள் அமுக்கிக் காய வைக்க வேண்டும். அவ்வளவு பொறுமை இருந்தால் அவர் ஏன் கண்டுபிடிப்பாளராகிறார்? தோட்டத்து ஸ்டோரில், உறைந்த ரப்பர்ப் பாலைத் தகடாக நசுக்கும் உருளை மிஷினில் கோரையைக் கொடுத்து வாங்கி, ரப்பர் ஷீட்டுகளோடு புகைக் கொட்டகையில் தொங்கவிட்டார். மிஷின் சுற்றிய மாயாண்டி, "இதுல விட்டா ஆனைகூட அப்பளமாயிரும், ஐயா" என்றான். யார் கேட்டது?

அப்பளம் தபாலில் போயிற்று. ஒரு மாதத்தில் பதில் வந்தது. இந்த வகைக் கோரைக்குத் தண்டு மூன்று பட்டையாக இருக்கும். இதுவோ நாடா மாதிரித் தட்டை. இப்படி ஒன்றை இதுவரை கண்டதில்லை. நேரில் பார்க்க வருகிறேன்.

கிராணி ஈப்போவுக்குப் போய்க் கோட்டு மாட்டிப் படம் எடுத்துக்கொண்டார். குட்டையைச் சுற்றி மூங்கில் வேலி அடித்தார். செல்லாயியின் பாய் வேலை நின்றது.

அந்த வெள்ளைக்காரத் துரை வந்தார். தண்ணீரில் இறங்கி ஒரு தண்டை ஒடித்து விரலில் உருட்டினார். மூன்று பட்டை. இன்னொன்று. அதுவும் மூன்று பட்டை.

"தட்டை எங்கே?"

கிராணிக்கு மிஷின் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அது ஸ்டோர்லதாங்க மொளைக்கும், தொரே!" என்றாள் செல்லாயி. துரைக்கு அரைகுறைத் தமிழ். மாயாண்டி மிஷின் சுற்றுவது போலக் கையைச் சுற்றிக் காட்டியதும் மிச்சமும் புரிந்துவிட்டது. முகம் சிவக்கக் கரையேறியவர், சட்டென்று குனிந்தார்.

"இது என்ன?"

"அது சனியங்க. தண்டு உருண்டையா இருக்கும், மொடையும்போது ஒடிஞ்சிரும். நாங்க பிடுங்கி எறிஞ்சிருவோம்."

துரை சேற்றில் மண்டியிட்டார். கிராணியை நிமிர்ந்து பார்த்து, "காலை எடு" என்றார். அதுதான் புதுச் செடி. கிராணி அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் அது புத்தகத்தில் ஏறியது, துரையின் பேரை ஒட்டிக்கொண்டு. செல்லாயி? அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. துரையும் இந்த இனம்தான், தொப்பிதான் உசத்தி. செல்லாயி வேலியைப் பிடுங்கி அடுப்பெரித்துவிட்டுத் தன் கோரையை அறுக்கப் போனாள்.

கிராணி ஒடுங்கிப் போனார் என்றா நினைக்கிறீர்கள்? பக்கத்து ஊரான சிலிபினில் காப்பிக்கடையில் கால்மேல் கால் போட்டுச் சொன்னார்: "தொரைக்குக் காட்டுனது செல்லாயி. சரி, இருக்கட்டும். அந்தச் செல்லாயியைக் குட்டையில கண்டுபிடிச்சது யாரு?"

சிரிக்கிறீர்கள். "அட, நம்ம தெருவுல இந்த இனம் யாருன்னு நான் கண்டுபிடிச்சிட்டேன்" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லக் கிளம்பியும் விட்டீர்கள். உட்காருங்கள். நீங்கள் நினைத்த அந்த ஆளும் இதைப் படித்துவிட்டார்; அது நீங்கள்தான் என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறார்.