கார்புரேட்டருக்கு ஒரு தோல் வாஷர்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. அதைச் சொல்வதில் வெட்கமில்லை, யார் மேல் என்று சொல்வதில்தான் வெட்கம். என் சகலை செல்வம் மேல். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட ஆறு வயது சின்னவன், குடியாத்தத்தில் விசைத்தறி மெக்கானிக். கணியம்பாடிப் பக்கம் இருக்கும் மாமனார் வீட்டுக்கு ஒருமுறை வந்தபோது போகிற போக்கில் கிணற்று மோட்டாரைச் சரிசெய்துவிட்டான். அன்றிலிருந்து அங்கே எது பழுதானாலும் "செல்வம் வரட்டும்" என்பார்கள். அவன் வந்தால் நாட்டுக்கோழிக் குழம்பு. நான் போனால் முட்டை. (அதுவும் பிராய்லர் முட்டை.) இத்தனைக்கும் மூத்த மாப்பிள்ளை நான், ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர்.

என் மனைவியின் கடைசித் தங்கைக்கு அந்த வீட்டிலேயே நிச்சயதார்த்தம் வைத்தார்கள். நாள் பார்த்தவர்கள் கரண்ட் ஆபீஸைக் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை வரை மின்தடை. மே மாத வெயிலில், தகர ஷீட்டுக்கு அடியில், மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் உட்காரப் போகிறார்கள்.

மாமனாருக்குக் கொட்டகையில் கிடந்த சின்ன ஜெனரேட்டர் ஞாபகம் வந்தது. ஒரு புயலின்போது வாங்கியது, இரண்டு வருஷமாக நெல் மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. முந்தின நாள் வெளியே எடுத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தோம். ஒரு இருமல்கூட இல்லை.

"செல்வம் காலைல வர்றான்ல, பாத்துப்பான்" என்றார் மாமனார்.

"அவரு எதுக்கு மாமா? நான் இருக்கேன்ல."

என் மனைவி 'வேண்டாம்' என்று கண்ணாலேயே சொன்னாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மறுநாள் ஏழு மணிக்கே உட்கார்ந்தேன். நாட்பட்ட பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினேன். ஸ்பார்க் பிளக்கைத் தேய்த்தேன். ஓடவில்லை. கார்புரேட்டரைக் கழற்றினால், கிண்ணத்தின் அடியில் பழைய பெட்ரோல் மஞ்சள் பிசினாக உறைந்திருந்தது. சுரண்டித் துடைத்து, ஓட்டைகளில் மெல்லிய கம்பி விட்டு அடைப்பை எடுத்தேன். இதுவரை எல்லாம் சரியாகவே செய்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். (வேறு யாரும் செய்வதாக இல்லை.)

கிண்ணம் கசியாமல் இருக்கப் போட்டிருந்த ரப்பர் வாஷர் மட்டும் துண்டு துண்டாகக் கையோடு வந்துவிட்டது. புதிது வாங்க வேலூர் போக வேண்டும். செல்வமோ பஸ் ஏறிவிட்டதாக போன் வந்தது. ஆம்பூர்க்காரன் மூளை விழித்துக்கொண்டது. என் பைக் பெட்டியில் ஆட்டுத்தோல் துண்டும், ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவும் எப்போதும் இருக்கும். தோலை வளையமாக வெட்டினேன். அழகான வெட்டு. கம்பெனியில் செய்வது போலவே இருபுறமும் சொல்யூஷன் தடவி, பத்து நிமிஷம் காயவிட்டு, அழுத்தி ஒட்டினேன். ஒரு சொட்டுகூடக் கசியக் கூடாதென்று கிண்ணத்தின் உள்பக்கமும் தாராளமாகப் பூசினேன்.

மின்சாரம் நின்றதும் கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் ஓடியது. ஃபேன்கள் சுற்றின. மாமனார் என் தோளைத் தொட்டு, "பரவால்லையே மாப்ள" என்றார். பதினோரு வருஷத்தில் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் 'பரவால்லையே'. சரியாக அந்த நேரத்தில் செல்வம் வாசலில் நுழைந்தான். அவன் கண்ணில் படும்படி ஜெனரேட்டரைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

சொல்யூஷன் பெட்ரோலில் கரையும். கம்பெனியில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே எனக்கு இது தெரியும். கையில் ஒட்டினால் பெட்ரோலால்தான் துடைப்போம். பொறாமையில் அதுகூட மறந்துபோயிற்று.

தட்டு மாற்ற இரு வீட்டாரும் எழுந்தபோது ஜெனரேட்டர் விக்கியது. கரும்புகை கக்கியது. அந்தப் புகை மொத்தத்தையும் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் அனுப்பிவிட்டு நின்றது. மாப்பிள்ளையின் அத்தை பட்டுப்புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா இது, நல்ல காரியத்துல" என்றார். மாமனார் முகம் செத்துவிட்டது. எனக்கு அந்தக் கிணற்றிலேயே இறங்கிவிடலாம் போலிருந்தது.

செல்வம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கிண்ணத்தைத் திறந்து, உள்ளே விரலை விட்டு இழுத்தான். இளகிய சொல்யூஷன் முழ நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

"அண்ணா, இது இன்னா?"

நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

எல்லாவற்றையும் கழுவினான். நான் வெட்டிய அதே தோலை, சொல்யூஷன் இல்லாமல் வைத்து, ஸ்க்ரூவை முறுக்கி, கயிற்றை இழுத்தான். மாலைவரை ஓடியது. அதோடு விட்டிருந்தாலாவது மன்னித்திருப்பேன். எல்லோர் முன்னாலும், "அண்ணன் மொத்த வேலையும் முடிச்சி வெச்சிட்டாரு. நான் சும்மா கயித்த இழுத்தேன், அவ்ளோதான்" என்றான். ஆக, நல்லவன் என்ற பெயரும் அவனுக்கே போயிற்று. இதை மனிதன் எப்படிப் பொறுப்பான்?

நிச்சயம் ஆன பெண்ணுக்குக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் இன்றும் அந்த வீட்டில் எது உடைந்தாலும், முட்டையே ஆனாலும், "பெரிய மாப்ளயக் கூப்புடு, ஒட்டிடுவாரு" என்கிறார் மாமனார்.

போன மாதம் அங்கே போயிருந்தபோது என் மகளின் செருப்பு வார் பிய்ந்துவிட்டது. செருப்பு, என் தொழில். கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய், "சித்தப்பா, இத ஒட்டிக் குடுங்க" என்றாள். அவன் என் பைக் பெட்டியிலிருந்து என் சொல்யூஷனையே எடுத்து ஒட்டிக் கொடுத்தான்.

இன்னும் பிய்யவில்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் நானும் அவ்வப்போது இழுத்துப் பார்க்கிறேன்.