நாலு நிமிசச் சிவப்பு லைற்

"நண்டுக் கறிக்கு உப்புக் காணாது, மியூரியல்."

கணவர் பேர்சி சொன்னார். மியூரியல் உப்பை எடுத்து வைத்தாள். சாப்பிட்டார், படுத்தார். விடிய எழும்பவில்லை.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், பட்டறையில் அவர் பொருத்தி வைத்துவிட்டுப் போன புது மெசினை மியூரியல் முதன்முதலாக ஓடவிட்டாள். கண்ணாடிக் கூட்டுக்குள் றோபோக் கை இரும்புக் குழாய்களைப் பிடிக்க, லேசர் உருக்கி ஒட்டியது. கரடியனாறு ஊரில் நடக்க முடியாத முப்பது பேருக்குச் சக்கர நாற்காலிச் சட்டங்கள். சனிக்கிழமை கொடுக்காவிட்டால் வேலை கொழும்புக்குப் போகும். கடனுக்கு வாங்கிய மெசினும் வந்த வழியே போகும். பட்டறையை மூட வேண்டியதுதான்.

முதல் சட்டம் முடிந்தது. எடுக்கப் போனால் கூட்டின் கதவு திறக்கவில்லை. சிவப்பு லைற் எரிந்தது. நாலு நிமிடம் கழித்துத் தானாகத் திறந்தது.

இரண்டாவதுக்கும் அப்படியே.

"மறுகா நிண்டுட்டு அக்கா," என்றார் வினாயகமூர்த்தி. பேர்சியோடு இருபது வருடம் வேலை செய்தவர். "இது கண்ணூறு."

"மெசினுக்குமா?"

"புதுசெண்டா எல்லாத்துக்கும்தான்."

கற்பூரம் கொளுத்தினார். புகை பட்டதும் மெசின் ஊளையிட்டு அடியோடு நின்றது. புகை கலைந்ததும், மறக்காமல், லேசர் வரும் கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்தார்.

"அங்க ஏன் வச்ச நீங்க?"

"வெளிச்சம் வாற இடம்தானே அதுக்கு நெத்தி?"

மியூரியல் மெசினை மறுபடி ஓடவிட்டாள். லேசர் வந்தது. நெற்றி வெடித்தது.

மியூரியல் தன் பங்குக்குக் கோயில் தீர்த்தம் தெளித்தாள். அது பொத்தான்களுக்குள் இறங்கியது. றோபோக் கை ஆசீர்வதிப்பதுபோல் மேலே தூக்கியபடி நின்றுவிட்டது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. நாற்பது நாளாக வினாயகமூர்த்தி ஒரு நாளும் வராமல் விட்டதில்லை. அழ நேரம் கொடுக்காத மனிதருக்கு நன்றி சொல்லாமல் என்ன செய்வது?

வியாழக்கிழமை, மெசின் விற்ற இடத்திலிருந்து இஷாம் வந்தான். கண்ணாடி மாற்றினான், பொத்தான்களை உலர்த்தினான். கை இறங்கியது. ஒரு சட்டம் ஒட்டியது. சிவப்பு லைற்.

"பாத்தீங்களா தம்பி? கொண்டு போயிருங்க. எனக்கு ஏலாது."

இஷாம் மெசினின் கணினியைத் திறந்து நெடுநேரம் பார்த்தான்.

"அன்ரி, மெசின்ல பிழை ஒண்டுமில்ல. கதவைப் பூட்டி வைக்கச் சொல்லி அங்கிள்தான் இதுல எழுதியிருக்கார். நாலு நிமிசம் நிண்டாலும் சனிக்கிழமைக்கு முடியும். உங்கட வைத்தியம் இல்லாட்டி நேத்தே முடிஞ்சிருக்கும்."

வினாயகமூர்த்தி கூரையைப் பார்த்தார்.

"அவர் ஏன் பூட்டச் சொன்ன?" என்றாள் மியூரியல். கதவு திறந்தவுடன் சட்டத்தை எடுக்கக் கூட்டருகே கையை நீட்டியபடி நின்றாள்.

இஷாம் திரையிலிருந்து வாசித்தான்: "'இரும்பு ஆறும்வரை திறக்காதே. மியூரியல் கையுறை போடமாட்டாள்.'"

பிறகு அவளுடைய கைகளைப் பார்த்தான்.

"இப்பவும் போடல்லதானே, அன்ரி?"