கயிறு என் கையில்

கடற்கரையில் வாட்டர் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறவரின் பெண்டாட்டிக்குத் தூக்கம் என்பது விருந்தாளி மாதிரி. வரும், உட்காரும், கிளம்பிவிடும். போன மாதம் என் வீட்டுக்காரர் சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தார். அதற்கப்புறம் அந்த விருந்தாளி வாசலோடு திரும்பிவிட்டது.

"இனிமே எதையும் ஓட்டக் கூடாது. சைக்கிள்கூட," என்றார் டாக்டர்.

"கடல்ல யாரு டாக்டர் சைக்கிள் ஓட்டறா?" என்றார் இவர்.

வண்டிகளை விற்றாயிற்று. வாங்கியவர் எடுத்துப்போக வருவதற்கு முதல் நாள், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இவர் சபதம் எடுத்தார்.

"காலைல கடைசியா ஒரு ஓட்டம். தனியா. எல்லை மிதவையத் தாண்டி."

"நடுவுல வலிப்பு வந்தா?"

"மீனுக்கெல்லாம் வேடிக்கை."

"எனக்கு?"

அதற்கு ரசம் கேட்டார். நான் அப்புறம் வாயைத் திறக்கவில்லை. நான் வாயை மூடினால் பயப்பட வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொள்ளவே இல்லை.

ஓட்டுகிறவர் மணிக்கட்டில் ஒரு சிவப்புச் சுருள் கயிறு மாட்டிக்கொள்ள வேண்டும். மறுமுனை வண்டியின் பொத்தானில் இருக்கும். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும், இன்ஜின் நின்றுவிடும். கயிறு இல்லாவிட்டால் வண்டி கிளம்பவே கிளம்பாது. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, அந்தக் கயிறுகளைக் கொண்டுபோய் மாவு டப்பாவில் புதைத்தேன்.

காலையில், "ரொட்டி வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினார். ரொட்டி வாங்கப் போகிற மனுஷன் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டா போவார்? தேடட்டும் என்று சிரித்துக்கொண்டே துணி உலர்த்தப் போனேன்.

துணிக்கொடிக் கயிற்றில் ஒரு முழம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

கயிற்றைத் தொலைத்தவர்கள் சணலையோ நாடாவையோ பொத்தானில் கட்டி வண்டியைக் கிளப்புவார்கள். அப்படிச் செய்த ஒருவனை இவரே கரையெல்லாம் துரத்தியிருக்கிறார். அந்தக் கட்டு போட்டால் ஆள் விழுந்தாலும் வண்டி நிற்காது. தானாகச் சுற்றி, விழுந்தவன் மேலேயே வந்து ஏறும். என் கெட்டிக்காரத்தனம் அவரை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தது.

அவருடைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு, டப்பாவிலிருந்து ஒரு கயிற்றைத் தோண்டியெடுத்து, கையெல்லாம் மாவோடு ஓடினேன்.

முழங்கால் தண்ணீரில் வண்டி மேல் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். முடிச்சு விழவில்லை. வலிப்புக்குப் பிறகு அவர் விரல்கள் அவர் பேச்சைக் கேட்பதில்லை. கண்ணைத் திருப்பிக்கொண்டு, எங்கள் வாடகைக் கடையிலிருந்து ஒரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"என்னடி இது வேஷம்?"

"தொளதொளன்னு துணி கட்டிட்டு வந்தா இன்ஜின் இழுத்துக்கும்னு நீங்கதானே சொல்வீங்க."

"கயித்தக் குடு."

"கயிறு யார் கையில இருக்கோ அவங்கதான் ஓட்டணும். தள்ளி உக்காருங்க."

"உனக்கு என்ன தெரியும் ஓட்டறதுக்கு?"

"குளிக்கிறவங்க பக்கம் போகக் கூடாது. கரையோரம் நடக்கிற வேகம்தான். இருட்டினா வண்டி கிடையாது. குடிச்சவனுக்கு எப்பவுமே கிடையாது. எதிர்ல எதாவது வந்தா பயந்துபோய் ஆக்ஸிலேட்டர விடக் கூடாது, விட்டா வண்டி திரும்பாது. வேற?"

தவளை தன் வாயால் கெடும். நான் டீ கொண்டுபோன ஒவ்வொரு முறையும் கத்திய தவளை இது. பின்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

கயிற்றை மாட்டிக்கொண்டு கிளப்பினேன். வண்டியை விட நான்தான் அதிகம் நடுங்கினேன்.

"மிதவை வரைக்குமாவது போடி."

"கரையோரம். நடக்கிற வேகம்."

இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்த ஒரு தொப்பிக்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார். போகிற போக்கில், "பெட்ரோல் தீந்துடுச்சா?" என்று வேறு விசாரித்தார். இவர் சிரித்தார். என் இடுப்பைப் பிடித்திருந்த கை குலுங்கியது. சிரிப்பு நின்ற பிறகும் கை குலுங்கிக்கொண்டே இருந்தது. வலிப்போ என்று எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ஓட்டு."

"என் பின்கழுத்து ஈரமாவுதே?"

"அலை தெறிக்குதுடி," என்றார்.

நாங்கள் போன வேகத்துக்குத் தண்ணீரில் ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை.