தாய்மொழியில் ஒரு லினக்ஸ்

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு வீட்டில் அடிமைத்தனத்தை ஒழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். யாருடைய அடிமைத்தனம்? என்னுடையதுதான். வேறு யார் இருக்கிறார்கள்?

டி.வி. என் மாமியார் வசம். மிச்சம் ஒரே கம்ப்யூட்டர். மேட்ச் பார்க்க நான் உட்காரும் முன்பே என் மனைவி ஹரிதா உட்கார்ந்துவிடுவாள். ரவிக்கைக்கு எம்பிராய்டரி டிசைன் போட்டு ஆன்லைனில் ஊர் ஊருக்கு விற்கிறாள். எழுந்திரு என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கம்ப்யூட்டரே அவளை எழுப்பட்டும் என்று திட்டம் போட்டேன்.

உக்கடத்தில் கடை வைத்திருக்கும் நண்பன் முகமது ரியாஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போட, பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தான்.

"ஏனுங்க, இருக்கிறது நல்லாத்தானே ஓடுது?" என்றாள் ஹரிதா.

"இது சுதந்திரம், அம்மணி! வைரஸ் வராது. காசு கிடையாது. நம்மளை யாரும் கட்டுப்படுத்த முடியாது."

"நம்மளைன்னா யாருங்க?"

"பொதுவாச் சொன்னேன்."

"எம்பட டிசைனெல்லாம் போயிருமுங்களா?"

"பத்திரமா எடுத்து வெச்சுப்போட்டேன்."

"செரிங்க."

இவ்வளவு சுலபத்தில் சரி என்றாளே, அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

லினக்ஸ் ஏறியது. அடுத்ததுதான் என் மூளை. எங்கள் இருவருக்கும் தாய்மொழி தெலுங்கு; வீட்டில் கொஞ்சுவது தெலுங்கில், சண்டை தமிழில். கல்யாணமான புதிதில் நிறையத் தெலுங்கு பேசினோம். தலைமுறை தலைமுறையாகக் கோயமுத்தூர்க்காரர்கள் என்பதால் அது வாயோடு சரி. எழுத்து யாருக்கும் தெரியாது. மொழியைத் தெலுங்குக்கு மாற்றினேன். ஹரிதா பார்ப்பாள், விழிப்பாள், எழுந்து போவாள். அப்புறம் நான் தமிழுக்கு மாற்றிக்கொண்டு மேட்ச் பார்ப்பேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். எனக்கும் தெலுங்கு படிக்கத் தெரியாது.

டாஸ் போடும் நேரம். திரையில் ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. இரண்டு பொத்தான்கள். இடதை அமுக்கினேன், கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி போட்டு வேறு எதையோ அமுக்கினேன். எழுத்து பெரிதானது. அதே தெலுங்கு, இப்போது தெருவில் போகிறவர்களும் படிக்கலாம்.

"ஏனுங்க, இப்படி வேர்க்குது?"

"சுதந்திரம்னா கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும்."

"நகருங்க."

உட்கார்ந்தாள். விழிக்கவில்லை. கடகடவென்று வாசித்தாள். விழித்தது நான்தான்.

"உனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியுமா!"

"பாதி ஆர்டர் ஐதராபாத்துல இருந்துதானுங்க வருது. அவங்க தெலுங்குல எழுதுறாங்க, கத்துக்கிட்டேன். எனக்காகவே நீங்க மாத்தி வெச்சிருக்கீங்கன்னு எத்தனை சந்தோசம் தெரியுங்களா?"

"அ... ஆமா. உனக்காகத்தான்."

"அப்ப இப்படியே இருக்கட்டுமுங்க."

"இன்னிக்கு மட்டும் ஒரு மேட்ச்..."

"இருங்க, பாஸ்வேர்டு மாத்தோணும். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

திரும்பினேன். அந்தப் பக்கம் அடுப்படி. எனக்காகவே தேங்காயை உடைத்து, துருவியையும் பக்கத்தில் வைத்திருந்தாள்.