தாய்மாமன் சீரும் 'தராசு' மெக்கானிக்கும்

காருக்குள் எத்தனை மூட்டை ஏற்றினாலும் அது காருக்குத் தெரியாது என்றுதான் நாற்பத்தெட்டு வயதுவரை நம்பியிருந்தேன். அந்த மூடநம்பிக்கையை ஒழித்தவர் சின்னமனூர் மெக்கானிக் 'தராசு'. பானெட்டைத் திறக்காமலே வண்டிக்கு வைத்தியம் பார்த்த ஒரே ஆள் உலகத்தில் அவர்தான். பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நாம் ஓட்ட வேண்டும். வண்டி இழுக்கிற இழுவையை வைத்தே உள்ளே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். "தீவாளிக்கப்புறம் நாலு கிலோ கூடிட்டீகளே சார்" என்று ஒரு பேங்க் மேனேஜரிடம், அவர் மனைவி இருக்கும்போதே சொன்னார். மேனேஜர் இப்போது பஸ்ஸில் போகிறார்.

போன மாசம் மேகமலை எஸ்டேட்டில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பத்தரைக்குள் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அந்த மடி என்னுடையது. சீரைத் தனி வண்டியில் அனுப்பினால் கௌரவக் குறைச்சல் என்று எல்லாவற்றையும் என் சின்னக் காரிலேயே அடைத்தேன். கல் கிரைண்டர், இரண்டு மூட்டை அரிசி, ஓடைப்பட்டி திராட்சை நாலு பெட்டி, மனைவி, மாமியார், குண்டு மச்சான்.

மலை ஏறத் தொடங்கியதும் வண்டி படுத்துவிட்டது. மிதித்தால் சத்தம் வருகிறது, வேகம் வரவில்லை. ஓர் எருமை எங்களைத் தாண்டிப் போய், திரும்பியும் பார்த்தது. எஞ்சின் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, குலசாமிக்குக் கிடா நேர்ந்து, தராசுக்குப் போன் போட்டேன்.

ஜீப்பில் வந்தார். பின்சீட்டில் நுழைந்து கண்ணை மூடினார்.

"ஏம்ப்பா, என் எடைய மட்டும் சொல்லிப்புடாத" என்றார் மாமியார்.

"அது வண்டிக்குத் தெரியும் ஆத்தா, நான் சொல்ல மாட்டேன்."

பத்தடி நகர்த்தினேன்.

"ஸ்டீரிங் லேசா இருக்காண்ணே?"

"பூ மாதிரி இருக்குய்யா!"

"இருக்கும். பின்னால பாரம் அமுக்கி மூக்கு மேல தூக்கிருச்சுல்ல. எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. ஒத்த மாட்டப் பூட்டி ரெட்ட மாட்டுப் பாரம் ஏத்திருக்கீக. ஏறயில இழுக்காது, அது பரவால்ல. எறங்கயில பிரேக்க மிதிச்சா இங்கன நிக்கிற வண்டி அங்கன போயித்தான் நிக்கும்."

"அப்ப கிரைண்டர எறக்கிப் போட்டுறவா?"

"சீரில்லாம போவீகளா? என் ஜீப்புல தூக்கிவைங்க. மூட்டையவும், அந்த அண்ணனவும்."

மச்சான் முறைத்தார். "ஏன்யா, நானும் சீரா?"

"இருக்கிறதுலயே பெரிய சீரு நீங்கதாண்ணே."

பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளை என் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுதது. என் காருக்கு அன்றைக்கு ஒரு கோளாறும் இல்லை. கடையைச் சாத்திவிட்டு வந்து, எங்கள் பாரத்தில் பாதியைத் தராசு மலைக்கு ஏற்றிக்கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது.